மட்டாஞ்சேரியில் ஒரு மடக்கு

மட்டாஞ்சேரிக்குப் போகிறவர்கள் அரண்மனையைப் பார்ப்பார்கள், யூதர் தெருவைப் பார்ப்பார்கள். நான் போனது ஒரு மூக்கைப் பார்க்க. என் மகன் அருணுடைய மூக்கு.

அவன் கொச்சியில் ஒரு தேயிலைத் தரகு நிறுவனத்தில் நான்கு வருடம் தேநீர் சுவைத்துத் தரம் சொல்லும் வேலையில் இருந்தான். பிறகு படிக்கவென்று அமெரிக்கா போய், படிப்பு முடிந்ததும் அங்கேயே ஒரு சின்ன ஊரில் விஸ்கி வடிக்கும் ஆலையில் சேர்ந்தான். எந்தப் பீப்பாய் எப்போது திறக்கத் தயார் என்று முகர்ந்து சொல்வது அவன் வேலை. “தேயிலையை முகர்ந்தான், இப்போது சாராயத்தை முகர்கிறான்” என்று பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஓய்வறையில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். போன குளிர்காலத்தில் பனி உறைந்த சாலையில் சைக்கிள் வழுக்கிப் பின்மண்டையில் அடி. எலும்பு கூடிவிட்டது. மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் மெல்லிய நரம்புகள் அறுந்துபோயின. வாசனை போயிற்று. ஒரு வருடத்துக்குள் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார்கள். ஆலை அவனை மரியாதையாகத்தான் அனுப்பி வைத்தது.

ஊர் திரும்பியவன் கோவில்பட்டிக்கு வரவில்லை. நேரே கொச்சிக்குப் போய்ப் பழைய நண்பன் சிவராமனுடைய வீட்டு மாடியில் தங்கிக்கொண்டான். பழைய நிறுவனத்திலேயே ஏலப் பட்டியல் தயாரிக்கும் மேசை வேலை. போன மாதம் போன் செய்தான். “அம்மா, வாசம் திரும்பிடுச்சு. இனிமே நீ கவலைப்பட வேண்டாம்.”

கவலைப்படாமல் இருக்க எனக்குத் தெரியாது. சிவராமனுக்குக் குன்னூருக்கு மாற்றல். மாதக் கடைசியில் அவன் போய்விட்டால் அந்த மாடியில் அருணும் ஒரு கேஸ் அடுப்பும்தான். சமையல் வாயுவுக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று நாறுகிற கந்தகச் சேர்மம் ஒன்றைக் கலக்கிறார்கள். இதை இருபத்திரண்டு வருடமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். இரண்டு மதிப்பெண் கேள்வியாகவும் கேட்டிருக்கிறேன். வாசம் வந்திருந்தால் அவனை விட்டுவிட்டு வருவது, வராவிட்டால் கையோடு கூட்டி வருவது. அவன் அப்பா இருந்திருந்தால் அவர் போயிருப்பார். இல்லை என்பதால் நான் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை வைட்டிலாவில் இறங்கி மட்டாஞ்சேரிப் பேருந்தைப் பிடித்தேன். தோப்பும்படி தாண்டியதும் பேருந்து பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. எங்கள் ஊராக இருந்தால் இறங்கி ஆளாளுக்கு ஓட்டுநருக்கு யோசனை சொல்லியிருப்பார்கள். இங்கே எல்லோரும் குடையை விரித்துக்கொண்டு பேசாமல் நடக்கத் தொடங்கினார்கள். பக்கத்து இருக்கையில் இருந்த பெண்மணி, இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் நர்ஸ், என் பையின் ஒரு காதைத் தானே பிடித்துக்கொண்டார். சுள்ளிக்கல் வரை அவர் மலையாளத்திலும் நான் தமிழிலுமாகப் பேசிக்கொண்டே நடந்தோம்.

“பையில் என்ன, கல்லா?” என்று கேட்டார்.

“கடலைமிட்டாய். மகனுக்கு.”

“பிள்ளை சாப்பிடுகிறானா என்று பார்க்க வந்தீர்களா, யாரோடு சாப்பிடுகிறான் என்று பார்க்கவா?”

இரண்டும் இல்லை என்றேன். அவர் சிரித்துவிட்டு ஆட்டோ ஒன்றை நிறுத்தி, ஓட்டுநரிடம் வழியை இரண்டு முறை சொல்லி என்னை ஏற்றிவிட்டார்.

சிவராமனுடைய வீட்டுக்குக் கீழே சுக்கும் மிளகும் அடுக்கிய கிடங்கு. தெருவில் நுழைந்ததுமே இரண்டு தும்மல். மிளகு, ஈரச் சாக்கு, எங்கிருந்தோ கருவாடு, அதற்கும் பின்னால் காயலின் உப்புச்சேறு. அருண் மாடிப்படியில் நின்றிருந்தான். இளைத்திருந்தான். பையைப் பிரித்துக் கடலைமிட்டாயை எடுத்து மூக்கருகே வைத்து, “பாகு வாசம் அப்படியே இருக்கும்மா” என்றான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

சிவராமனின் குடும்பம் பாலக்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பம். தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் வாசிப்பான். “அம்மா வந்தது நன்னாயி. இவன் வெக்கற சாம்பாரைத் தின்னு தின்னு எனக்கு நாக்கு செத்துப்போச்சு. தேயிலை ருசி பாக்கற நாக்கு, கேட்டேளா?” என்றான். அவனும் அருணுடைய பழைய வேலையில்தான் இருக்கிறான்.

மதியம் கப்பை என்று இவர்கள் சொல்லும் மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும். குழம்பு புளிக்கும் காரத்துக்கும் நடுவே நின்று சண்டை போட்டது. அருண் அதன்மேலும் மிளகாய்ப்பொடியைத் தூவிக்கொண்டான். “அமெரிக்கா போய்க் காரம் பழகிட்டு வந்த ஒரே ஆள் நீதான்” என்றேன். சாப்பாடு முடிந்ததும் குளிர்பெட்டியில் இருந்த பாதிப் பாக்கெட் பாலை அவன் தொட்டியில் கொட்டினான். முந்தின நாள் பாலாம். எனக்குப் பொறுக்கவில்லை. “முகர்ந்து பாத்துட்டுக் கொட்டக் கூடாதா?” என்றேன். “எதுக்கும்மா ரிஸ்க்” என்றான். பெட்டிக்குள் ஒவ்வொரு டப்பாவிலும் தேதி எழுதி ஒட்டியிருந்தது. தேயிலைக்காரன் பழக்கம் என்று மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை படகில் வெலிங்டன் தீவுக்குக் கூட்டிப் போனான். தெப்பக்குளத்தைத் தாண்டிய தண்ணீரைப் பார்த்து வளராத எனக்கு, பேருந்தில் ஏறுவது போல இவர்கள் படகில் ஏறுவது ஆச்சரியமாக இருந்தது. பின்பக்க இருக்கையில் இரண்டு பேர் மகளின் கல்யாணத்துக்கு எத்தனை வகைப் பாயசம் என்று மலையாளத்தில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மூன்று போதும் என்றார். மற்றவர், மூன்று போட்டால் நான்காவதைப் பற்றித்தான் ஊர் பேசும் என்றார். டீசல் புகை முகத்தில் அடித்தது. “குமட்டுதுடா” என்றேன். “ஆமாம்மா, பயங்கர நாத்தம்” என்று அவன் உடனே மூக்கைப் பொத்திக்கொண்டான்.

தீவில் ஒரு பழைய கட்டடத்தை வெளியே நின்று காட்டினான். அவனுடைய மேசை வேலை இப்போது வேறு கட்டடத்தில். நூற்றுக்கணக்கில் கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒரு உறிஞ்சு, ஒரு துப்பு என்று காலை முழுவதும் நடந்துகொண்டே சுவைத்த அறை அங்கேதான் இருக்கிறதாம். “ஒரு விஷயம்தான் முக்கியம். வெச்ச கோப்பையை யாரும் நகத்தக் கூடாது. இடத்தை வெச்சுத்தான் எது எந்தத் தோட்டத்துத் தேயிலைன்னு தெரியும். ஒண்ணு மாறினா எல்லாம் மாறிடும்.” வாசலில் நின்ற காவலாளி அவனை அடையாளம் கண்டு, எப்போது மறுபடி உள்ளே வருவாய் என்று கேட்டார். சீக்கிரம் என்றான். சொல்லும்போது என்னைப் பார்த்தான்.

வரும் வழியில் சொன்னான். “நாளைக்கு உனக்கு ஒண்ணு காட்டறேன். நானே பீப்பாய் பொறுக்கின விஸ்கி. வரும்போது ஒரு பாட்டில் குடுத்தாங்க. இன்னும் தெறக்கல.”

எனக்கு மது என்றால் கோவில்பட்டியில் கடை வாசலில் வேட்டி நழுவிக் கிடக்கும் ஆட்கள்தான். பாதிப் பேர் என் மாணவர்களின் அப்பாக்கள். ஆனாலும் சரி என்றேன். அவன் முகர்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத்தானே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சிவராமன் சுள்ளிக்கல்லில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான். பதினோரு மணிக்கு அருண் மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டான். சுவை பார்ப்பது சாப்பாட்டுக்கு முன்னால்தானாம். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஆறு கண்ணாடிகளில் நான்கு வழியில் உடைந்து, அடி பெருத்து வாய் குறுகிய இரண்டு மிஞ்சியிருந்தன. ஒன்றில் விஸ்கி. “நீயும் கூட உக்காரணும்” என்று மற்றொன்றில் எனக்குப் பால் விடாத கட்டன் சாயா, சர்க்கரையும் இல்லாமல். தேநீரின் குறை ஆறின பிறகுதான் தெரியும் என்று முன்பே போட்டு ஆற வைத்திருந்தான். இரண்டையும் ஒரே மட்டத்துக்கு ஊற்றிச் சிறு தட்டுகளால் மூடினான். இடது அவனுக்கு, வலது எனக்கு. அடர்ந்த செம்பழுப்பு நிறம் இரண்டுக்கும் ஒன்றே போல் இருந்தது.

“இது ஒரே ஆலையில, முளைகட்டின பார்லியில மட்டும் வடிச்சது. அதனாலதான் சிங்கிள் மால்ட். முதல்ல புது ஓக் பீப்பாய்ல சில வருஷம் கெடக்கும். கடைசில சில மாசம், ஷெர்ரிங்கிற திராட்சை மது இருந்த பழைய பீப்பாய்க்கு மாத்துவோம். அந்த மரம் குடிச்சு வெச்சதையெல்லாம் இதுக்குக் குடுத்துரும்.” அவன் பேச்சில் பழைய வேகம். “இருபது நிமிஷம் மூடியே இருக்கட்டும்மா. மூச்சு விடும்.”

போன் வந்தது. பேசிக்கொண்டே மொட்டைமாடிக்குப் போனான்.

மேசையில் பாட்டில் வைத்த இடத்தில் ஒரு ஈர வளையம். ஒரு எறும்பு வரிசை அதை நோக்கி வந்துகொண்டிருந்தது. துடைக்காத மேசையில் எதையும் வைக்க என்னால் முடியாது. ஆய்வகத்தில் பிள்ளைகளிடம் கத்திக் கத்திப் பழகிய கை. இரண்டு கண்ணாடிகளையும் தூக்கி ஜன்னல் விளிம்பில் வைத்தேன். மேசையை ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, திரும்ப வைத்தேன். முந்தின நாள் அவன் சொன்னது எனக்கு ஞாபகமே வரவில்லை.

அவன் வந்து உட்கார்ந்தான். இடது கண்ணாடியின் தட்டை எடுத்தான். கண்ணை மூடி, வாயைச் சற்றே திறந்து, மூக்கை உள்ளே இறக்கினான். அவன் தேநீர் முகர்வதை ஒருமுறை இப்படித்தான் பார்த்திருக்கிறேன். அவன் முகத்தையே பார்த்தபடி என் கண்ணாடியை எடுத்து, சாயா குடிக்கிற மாதிரி ஒரு வாய் இழுத்தேன்.

நெருப்பு.

பாட்டில் திறந்ததிலிருந்து அறை முழுக்க அந்த வாசம் இருந்ததால் எடுக்கும்போது தெரியவில்லை. வாயில் இருந்தது சாயா இல்லை.

“முதல்ல உலர்திராட்சை,” என்றான் அருண், கண்ணைத் திறக்காமல்.

துப்பவும் முடியவில்லை, இருமவும் முடியவில்லை. வாய்க்குள் வைத்திருந்தேன். எரிச்சல் கொஞ்சம் விலகியதும் திராட்சை வந்தது. நிஜமாகவே வந்தது.

“அப்புறம் வாதுமைப்பருப்பு, தோலோட. ஆரஞ்சுத் தோலை வெயில்ல காய வெச்ச மாதிரி ஒரு கசப்பு.”

ஒவ்வொன்றாக என் நாக்கில் ஏறியது. அவன் சொல்லச் சொல்ல வந்ததா, இருந்ததை அவன் சொன்னானா, தெரியாது.

“கடைசில கருகப்போற பாகு. நம்மூர்க் கடலைமிட்டாய்க்கு வெல்லம் கம்பிப்பதம் தாண்டினா வருமே, அது. அதுக்காகத்தான் அந்தப் பீப்பாயை எடுத்தேன். யாருக்கும் சொல்லல.”

பாகு வந்தது. தொண்டைக்குள் இறக்கினேன். அது நெஞ்சு வரைக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டு போனது. எதிரே என் பிள்ளை ஆறிப்போன கட்டன் சாயாவுக்குள் மூக்கை வைத்துக்கொண்டு, எனக்காக, மனப்பாடமாக, ஒன்றுகூடத் தப்பாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தான்.

முகர்ந்து முடித்தால் அடுத்தது உறிஞ்சுவது. வாசம் போனாலும் எரிச்சல் தெரியும். உதட்டில் பட்டதுமே அது சாயா என்று அவனுக்குத் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்துவிட்டது என்பதும் தெரிந்துவிடும். அவன் கண்ணாடியைச் சாய்த்தான்.

“குடுடா இங்க,” என்று பிடுங்கினேன். “என் பிள்ளை செஞ்சதை நான் குடிச்சுப் பாக்கணும்.” தேநீர் முழுவதையும் ஒரே மடக்கில் குடித்தேன். அதுவரை அடக்கிய இருமல் எல்லாம் அப்போது வந்தது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அருண் சிரித்தான். விபத்துக்குப் பிறகு அவன் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. “அம்மா, மெதுவா. கோவில்பட்டிக்குத் தெரிஞ்சா டீச்சர் வேலை போயிடும்.” முதுகைத் தட்டிக்கொண்டே, “சாயாவைக் குடி, எரிச்சல் அடங்கும்,” என்று என் கண்ணாடியை எடுத்து என் கையில் கொடுத்தான்.

வேறு வழி இல்லை. மிச்ச விஸ்கியை, சாயா குடிக்கும் முகத்தோடு, முகம் சுளிக்காமல் குடித்து முடித்தேன்.

“எப்படி இருக்கு?” என்றான்.

“ரொம்ப ஸ்ட்ராங்கா போட்டுட்ட” என்றேன்.

அவன் இரண்டு கண்ணாடிகளையும் கழுவ எடுத்துப் போனான். தலை லேசாகச் சுற்றியது. கீழே கிடங்குக்காரரிடம் நாலு கிராம்பு வாங்கி வந்து மென்றேன். மதியம் சிவராமன் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றியவன் அப்படியே ஒரு கணம் நின்றான். என்னைப் பார்த்தான், பாட்டிலைப் பார்த்தான். உள்ளே போனான்.

திங்கட்கிழமை அருண் வேலைக்குப் போன பிறகு, சிவராமன் மதியம் வரை விடுப்புச் சொல்லிவிட்டு என்னைத் தோப்பும்படிக்கு ஸ்கூட்டரில் கூட்டிப் போனான். எனக்கு ஒரு இண்டக்‌ஷன் கரண்ட் அடுப்பு வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, “நேத்து வாசல்லயே மணத்துதும்மா,” என்றான். “நாலு கிராம்புக்கு அடங்கற சரக்கில்ல அது. உங்களுக்கு சாயாதான் வெக்கப் போறேன்னான் அவன். அப்போ அவன் கிளாஸ்ல என்ன இருந்துது?”

“கட்டன் சாயா.”

அவன் ஹெல்மெட்டைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டினான். “டாக்டர் போன மாசமே சொல்லிட்டார். இனி வராதுன்னு. உங்ககிட்ட பறயக் கூடாதுன்னு என்னை சத்தியம் பண்ண வெச்சான். தெரிஞ்சா நீங்க வேலையை ராஜினாமா பண்ணிட்டு இங்க வந்து நிப்பீங்களாம்.”

நின்றிருப்பேன். அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

“நீங்க விஷமிக்காதீங்கோ, கவலைப்படாதீங்கோ. டெய்லி நான் ஸ்டவ்வைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் கெடக்கப் போவேன். பக்ஷே, அடுத்த மாசம் நான் இல்லியே. அதான் எனக்கும் உறக்கம் வரல.”

கொட்டிய பால், தேதி ஒட்டிய டப்பாக்கள், மிளகாய்ப்பொடி, நான் சொன்ன பிறகு நாறிய டீசல். எல்லாம் கண் முன்னால்தான் இருந்தன. பிள்ளைகளுக்கு உற்றுநோக்கல் பற்றிப் பாடம் எடுக்கிறவள் நான்.

அடுப்பை வாங்கிய பிறகுதான் அவன் வீட்டு அலுமினியப் பாத்திரம் எதுவும் அதில் சூடாகாது என்பது நினைவுக்கு வந்தது. திரும்பப் போய், அடி தட்டையான எவர்சில்வர் பாத்திரங்கள் மூன்று வாங்கினோம். கடைக்காரர், மகளுக்குத் தனிக்குடித்தனமா என்று மலையாளத்தில் கேட்டார். மகனுக்கு என்றான் சிவராமன். அப்படியானால் இன்னும் பெரிய பாத்திரம் வாங்குங்கள், பையன்களுக்குக் கழுவச் சோம்பல், ஒரே தடவையில் இரண்டு நாளைக்கு ஆக்குவார்கள் என்றார் அவர்.

அருண் மாலையில் வந்தபோது அடுப்பு மேடையில் கரண்ட் அடுப்பு இருந்தது. சிலிண்டரைக் கழற்றி வாசலோரம் வைத்திருந்தோம். “கரி பிடிக்காதுடா. தேய்க்கச் சுலபம்,” என்றேன். வண்டியில் வரும்போதே தயார் செய்து வைத்திருந்த வாக்கியம்.

அவன் அடுப்பைப் பார்த்தான். சிலிண்டரைப் பார்த்தான். அவன் கேட்டிருந்தால் இன்னொரு வாக்கியமும் வைத்திருந்தேன். கேட்கவில்லை. சட்டைக்கையை மடித்துவிட்டு, சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். சுள்ளிக்கல் அண்ணன் வீட்டில் வைத்துக்கொள்ளட்டும் என்று கீழே சிவராமனிடம் சொல்வது கேட்டது. திரும்பி வர வெகுநேரம் ஆனது.

செவ்வாய்க்கிழமை காலை நான் கிளம்ப வேண்டும். கூட்டிப் போவதா, விட்டுப் போவதா என்ற கேள்வியை அவன் கேட்கவும் இல்லை, நான் எடுக்கவும் இல்லை. புடவையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். கீழே கிடங்கில் மூட்டை இறக்கும் சத்தம். மிளகுத் தூசி ஜன்னல் வழியே ஏறியது. இரண்டு தும்மல் போட்டேன்.

அருண் குளிர்பெட்டியைத் திறந்து நின்றான். முந்தின நாள் பால் பாதி இருந்தது. தொட்டிப் பக்கம் போனவன் நின்று, திரும்பி, என்னிடம் வந்தான். வெட்டிய பாக்கெட்டின் வாயை என் பக்கம் நீட்டினான்.

“அம்மா, இது நல்லா இருக்கான்னு பாரு.”

நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பாக்கெட்டை இரண்டு கையாலும் வாங்கி முகர்ந்தேன். வேண்டியதைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகவே முகர்ந்தேன்.

“நல்லா இருக்குடா,” என்றேன். “காய்ச்சலாம்.”